மேடு ஏறாத மோட்டார்

துரையின் மோட்டார் சைக்கிள் சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த எங்கள் லைனுக்கு மாட்டு வண்டியில் ஏறி வந்தது. தானே ஓட வேண்டிய வண்டி, வைக்கோல் மெத்தையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, இரண்டு மாடுகள் இழுக்க வந்து சேர்ந்த அழகைப் பார்த்து லைன் பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வண்டிக்காரன் என் வாசலில்தான் மாட்டை நிறுத்துவான் என்ற நினைப்பில் சிரித்தேன்.

அவன் நிறுத்தவில்லை. பத்தடி தள்ளிப் போய் அடுத்த வாசலில் நிறுத்தினான்.

"ஃபிட்டர் சின்னப்பன் வூடு இதானே?"

"இதேதான்! பாத்து எறக்குப்பா, பாத்து!" என்று கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடியவள் வேறு யாருமல்ல, என் மனைவி ஆரோக்கியம். சின்னப்பன் அவளுடைய தம்பி. எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். முன்னால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு முற்றம். அந்த முற்றத்தில், எங்கள் கல் உரலுக்குப் பக்கத்தில் வண்டியை இறக்கி வைத்தார்கள். ரப்பரும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசனை அடித்தால் எனக்கு முதலில் வருவது வயிற்றெரிச்சல்தான்.

எனக்கு வர வேண்டியது

அந்தக் காலத்தில் தங்க வயலில் மோட்டார் சைக்கிள் என்றால் ஒன்றோ இரண்டோதான். இது மில் துரையுடையது. தங்கம் பிரித்தெடுக்கும் மில்லும் இன்ஜின் ஹவுசும் அவர் கையில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தோளில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு, பாதையே இல்லாத கரம்பிலும் கல்லிலும் பூதிகோட்டைப் பக்கம் கவுதாரி சுடப் போவார். சத்தம் கேட்டு ஆடுமாடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அப்படிப்பட்ட வண்டி கொஞ்ச நாளாக மேடு கண்டால் நின்றுபோகிறதாம்.

நான் அப்போது சுரங்க ஷாஃப்டில் ஆட்கள் போகும் கேஜை ஏற்றி இறக்கும் நீராவி இன்ஜினுக்கு ஃபிட்டர். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். எங்கள் லைனுக்கே 'இன்ஜின்கார அருளப்பன் லைன்' என்றுதான் பெயர். சின்னப்பன் என்னைவிடப் பத்து வயது சிறியவன். பதினாறு வயதில் மில்லில் சேர்ந்தவன், பிறகு என் சிபாரிசில்தான் ஃபிட்டர் ஆனான். இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன்.

அந்த வருஷம் கரண்ட் கம்பங்கள் நட்டுக்கொண்டே வந்தார்கள். நீராவியை நிறுத்திவிட்டுக் கரண்டில் கேஜ் ஓடப்போகிறது, புது மோட்டார் ஹவுசுக்கு நம் ஆட்களில் ஒரே ஒரு ஃபிட்டரைத்தான் எடுப்பார்கள் என்று பேச்சு. அந்த ஒருவன் நான்தான் என்று நான் இருந்தேன். மற்ற நீராவி ஃபிட்டர்கள் எல்லாம் பட்டறையில் உளி தீட்டப் போக வேண்டியதுதான்.

துரை என்ன செய்தார்? சின்னப்பனைக் கூப்பிட்டு, "இதை வீட்டுக்குக் கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை வருவேன். மேடு ஏறினால் மோட்டார் ஹவுஸ் வேலை உனக்கு" என்று சொல்லிவிட்டார். சின்னப்பன் எப்போதோ துரைசானியின் தையல் மிஷினைச் சரிபண்ணிக் கொடுத்திருந்தான். அது மட்டுமில்லை, மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு இங்கிலீஷ் எழுத்து படித்தவன். வண்டியோடு வந்த புத்தகத்தை விரல் வைத்து வாசிப்பான். எனக்குத் தமிழ் வரும், அதுவும் உபதேசியார் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த தமிழ். இங்கிலீஷுக்கு நான் குருடன்.

அன்றைக்கே லைனுக்குப் பெயர் மாறிப்போயிற்று. "மோட்டார் வூடு எங்க?" என்று கேட்டுக்கொண்டு தூரத்து ஸ்கெலட்டன் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு வழி சொன்னவன் நான்.

மில்லுக்காரன் கை

சின்னப்பனுக்குப் பகல் ஷிப்ட், எனக்கு அந்த வாரம் ராத்திரி ஷிப்ட். அவன் சாயங்காலம் வந்து முகம் கழுவி வண்டிக்கு முன்னால் உட்காரும் நேரம், நான் சாப்பிட்டுக் கிளம்புகிற நேரம். அதனால் எனக்குத் தினமும் காட்சி உண்டு.

முட்டை எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பண்டம். அந்த வாரம் திங்கட்கிழமையே ஒரு முட்டை வெந்தது. என் தட்டில் நெத்திலிக் குழம்பும் களியும். முட்டை தட்டியைத் தாண்டிப் போனது.

"அவனுக்கு மூளை வேல, பாவம்" என்றாள் ஆரோக்கியம்.

"எனக்கு?"

"உங்களுக்குப் பழகின வேலதானே."

பன்னிரண்டு வருஷம்! எத்தனை ஆயிரம் பேரைக் கேஜில் இறக்கி, ஒரு உயிருக்குக் கெடுதல் இல்லாமல் ஏற்றியிருக்கிறேன். அது பழகின வேலையாம்.

வண்டியோடு துரையின் பட்லர் ஒரு மரப்பெட்டி அனுப்பியிருந்தான். அதில் ஸ்பானர்கள், ஒரு டின் பெட்ரோல், மெத்தென்ற ஒரு துண்டுத் தோல். பெட்ரோலை அந்தத் தோலில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கலந்துவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம்.

சின்னப்பன் புனலில் தோலை விரித்து ஊற்றுவான். பெட்ரோல் வடிந்து முடிந்ததும், தோலில் ஊறியிருப்பது வீணாகக் கூடாதென்று இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவான். துவைத்த வேட்டியைப் பிழிகிற மாதிரி இல்லை. கட்டை விரலை உள்ளே மடக்கி, மணிக்கட்டைத் திருப்பி, கடைசிச் சொட்டு வரை ஒரு பிழி. மில்லில் வேலை செய்தவன் எவனும் தோலைப் பார்த்தால் அப்படித்தான் செய்வான்.

மில்லைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கல்லை மாவாக இடித்துத் தண்ணீரோடு விடுவார்கள். அந்தச் சேற்றில் இருக்கும் தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை வழித்துத் தோலில் கட்டிப் பிழிந்தால் பாதரசம் முத்து முத்தாக வெளியே வரும், தங்கம் உள்ளே நிற்கும். சின்னப்பன் நாலு வருஷம் செய்தது அந்த வேலை. மில்லுக்குள் மோதிரம் போட்டுக்கொண்டு ஒருவனும் போக முடியாது. பாதரசம் பட்டால் தங்கம் அந்த நிமிஷமே வெள்ளியைப் போல வெளுத்துவிடும். இது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

நாளுக்கு ஒரு வியாதி

மில் கழிவைக் கொட்டும் மண் மேட்டுக்குப் போகும் வண்டித் தடத்தில் ஒரு ஏற்றம் இருந்தது. சோதனை அங்கேதான். முற்றத்தில் நிறுத்தி மிதித்தால் வண்டி தேன் மாதிரி ஓடும். சமதரையில் ஓடும். ஏற்றத்தில் பாதிவரை போய், இருமி இருமி, நின்றுவிடும். லைன் ஆட்கள் தள்ளிக்கொண்டு வருவார்கள். முற்றத்துக்கு வந்ததும் மறுபடி தேன்.

திங்கட்கிழமை பெல்ட்டின் மேல் பழி. தோல் பெல்ட் மேட்டில் வழுக்குகிறது என்று சொல்லிப் பிசின் பொடி தூவினான். செவ்வாய்க்கிழமை பாட்டரி. புதன்கிழமை நெருப்புப்பொறி விழுகிற இடத்தை அரம் போட்டுத் தேய்த்தான். வியாழக்கிழமை வால்வைக் கழற்றி மாவு போட்டு அரைத்தான். நாளுக்கு ஒரு வியாதி, நாளுக்கு ஒரு வைத்தியம், வண்டி மட்டும் பாதி மேட்டில் நின்றது.

நான் ஷிப்டுக்குப் போகிற வழியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து இதைப் பார்ப்பேன். வண்டி இரும ஆரம்பித்ததும் எனக்கு உள்ளே குளிரும். வெட்கப்பட்டு என்ன, உண்மை அதுதான்.

ஒருநாள் வேர்த்து வடிந்துபோய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, நீங்க ஒரு வாட்டி பாருங்களேன்."

"நான் நீராவிக்காரன்ப்பா. எனக்கு இன்னா தெரியும்? புஸ்தகத்துல பாரு."

"புஸ்தகத்துல மேட்டப் பத்திப் போடலியே."

"நல்லாப் பாரு, அடுத்த பக்கத்துல இருக்கும்."

அவன் நிஜமாகவே அடுத்த பக்கத்தைப் புரட்டினான். அப்படி ஒரு வெள்ளை மனசு. அதுவும் எனக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது.

கடித்துக் கேட்ட கம்பி

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பங்காருபேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, ஒரு மூட்டையோடு தங்க வயலுக்கு நடந்து வந்தபோது எனக்கு இன்ஜின் என்றால் என்னவென்று தெரியாது. எண்ணெய் துடைக்கிற வேலை கொடுத்தார்கள். இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் காது வைக்க முடியாது, அவ்வளவு இரைச்சல். ஒருநாள் சும்மா இருக்காமல் ஒரு நீளக் கம்பியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை இன்ஜினில் வைத்தேன். அம்மாடி! உள்ளே நடப்பதெல்லாம் மண்டைக்குள் வந்து பேசியது. எந்த இடம் தேய்கிறது, எந்த இடம் காய்கிறது, எல்லாம். அதிலிருந்து அந்தக் கம்பிதான் எனக்குப் பள்ளிக்கூடம். என் முன்பல் இரண்டு நுனி உடைந்திருப்பதும் அதனால்தான். நான் பெண் பார்க்கப் போனபோது ஆரோக்கியம் கேட்ட ஒரே கேள்வி, "பல்லு ஏன் ஒடஞ்சிருக்குது?"

அந்தக் காதோடு நான் கல்லில் உட்கார்ந்து அந்த மோட்டார் சாகிற சத்தத்தை ஐந்து நாள் கேட்டிருக்கிறேன். நெருப்பு தவறினால் இன்ஜின் கழுத்தை வெட்டினாற்போல நின்றுவிடும். இது அப்படி நிற்கவில்லை. இருமி, தளர்ந்து, மெல்ல மெல்ல நின்றது. பட்டினியில் சாகிறவன் சாவு. பெட்ரோல் போய்ச் சேரவில்லை. மேட்டில் மட்டும் ஏன் சேரவில்லை என்பதுதான் தெரியவில்லை.

தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை. சின்னப்பன்மேல் பொறாமை ஒரு பக்கம், அந்த வண்டி என் கையில் படாமல் போகிறதே என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

உரலில் ஏறிய சக்கரம்

சனிக்கிழமை பகல். ஆரோக்கியம் சந்தைக்குப் போயிருந்தாள், சின்னப்பன் ஷிப்டில். லைன் காலி. நான் முற்றத்துக்கு வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். அது ஏற்றத்தில் சாகிறது, முற்றத்தில் பிழைக்கிறது. இவன் என்னடாவென்றால் ஏற்றத்தில் ஓட்டிவிட்டு முற்றத்தில் வைத்தியம் பார்க்கிறான். ஏற்றத்தையே முற்றத்துக்குக் கொண்டுவந்தால் என்ன?

முன்சக்கரத்தைத் தூக்கி உரலின் மேல் வைத்தேன். பின்சக்கரம் நிலைத்தாங்கியில். சரியாமல் இருக்கக் கயிறு போட்டுத் தூணில் கட்டினேன். வண்டி மேடு ஏறுகிற மாதிரி அண்ணாந்து நின்றது. ஏறி மிதித்தேன். டப் டப் டப்பென்று பிடித்துக்கொண்டது. நூறு எண்ணுவதற்குள் இருமல், தளர்ச்சி, மௌனம். உரலிலிருந்து இறக்கி மிதித்தேன், ஓடியது. மறுபடி ஏற்றினேன், செத்தது. உள்ளே ஏதோ ஒன்று சாய்வுக்குத் தக்கபடி உருள்கிறது!

பெட்ரோல் வந்து தங்குகிற சின்னப் பித்தளைக் கிண்ணம் ஒன்று உண்டு. அதன் அடியில் ஊசி முனை அளவு துளை. அந்தத் துளை வழியாகத்தான் இன்ஜினுக்குச் சாப்பாடு. இடது கையை ஏந்திக்கொண்டு கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்தேன்.

பெட்ரோலோடு சேர்ந்து மிளகு அளவில் ஒரு பாதரசத் துளி உள்ளங்கையில் விழுந்தது. வெயிலில் பளபளவென்று ஓடியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்லர் அனுப்பிய தோல் மில்லில் பிழிந்து பிழிந்து பழசான தோல். துரை வீட்டுக்குத் தோல் என்றால் தோல்தானே! அதன் மயிர்க்கால்களில் பதுங்கியிருந்த பாதரசத்தை, நம்முடைய மில்லுக்காரன் பழக்க தோஷத்தில் கடைசிச் சொட்டு வரை பிழிந்து வண்டிக்குள் விட்டிருக்கிறான். பட்லரும் மில்லில் கையாளாக இருந்து போனவன்தான். அவனும் அப்படித்தான் பிழிந்திருப்பான். தரை சமமாக இருந்தால் துளி ஒரு மூலையில் கிடக்கும். மேடு வந்தால் உருண்டு போய்த் துளையை அடைத்துக்கொள்ளும். வேறு எந்த ஊரிலும் இந்த வியாதி ஒரு மோட்டாருக்கும் வராது.

புத்தகம் படித்தவனுக்கு ஐந்து நாளாகத் தெரியாததை நான் ஓர் உரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நெஞ்சு துடித்தது. முற்றத்தில் ஒரு கோழி மட்டும் நின்றது.

அப்புறம்தான் யோசனை ஓடியது. துளியை எடுத்துவிட்டால் நாளைக்கு வண்டி மேடு ஏறும். ஏறினால் வேலை யாருக்கு? சின்னப்பனுக்கு. கண்டுபிடித்தது நான், மோட்டார் ஹவுசில் உட்காருவது அவன். எடுக்காவிட்டால்? துரை முன்னால் வண்டி சாகும். சின்னப்பன் முழிப்பான். அப்போது நான் கூட்டத்திலிருந்து வந்து, "நான் பாக்கறேன் துரை" என்று கிண்ணத்தைக் கழற்றி, துளியை யாருக்கும் தெரியாமல் உதறிவிட்டு ஓட்டிக் காட்டினால்?

நான் அந்தத் துளியை உள்ளங்கையிலிருந்து மெல்லச் சரித்து, கிண்ணத்துக்குள்ளேயே விட்டு, பெட்ரோலை ஊற்றி மூடி, ஸ்பானரால் இறுக்கினேன்.

மோதிரம்

சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள்.

"மோதிரம் இன்னா ஆச்சு?"

கல்யாணத்தில் அவர்கள் வீட்டார் போட்ட மோதிரம். சாமியார் மந்திரித்துக் கொடுத்தது. இடது கையில் இருந்தது. நான் அப்போதுதான் பார்த்தேன். பாதி மோதிரம் வெளுத்துக் கிடந்தது.

"எண்ண பட்டுருக்கும்."

"எண்ண பட்டா கறுக்கும். இது வெளுத்துக்கீது." என் கையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். மில்லில் செத்துப்போன தகப்பனின் மகள் அவள். "ஏங்க, இத்த எங்க தொட்டீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பகலிலிருந்து ஒரு ஜீவனிடம் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தேனே! உரலில் சக்கரத்தை ஏற்றியதிலிருந்து துளி விழுந்தது வரை சோற்றை விட்டுவிட்டுக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

ஆரோக்கியத்தின் கண் விரிந்தது. "அப்ப நீங்க கண்டுபுடிச்சிட்டீங்க!" என்றாள். ஒரு வாரமாகத் தட்டிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த பார்வை அது. ஒரு நிமிஷம் எனக்கு வந்தது.

"எடுத்து எங்க போட்டீங்க?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"உங்களத்தான். கைக்கு வந்துச்சில்ல, அப்புறம் எங்க போச்சு?"

"இருந்த எடத்துலயே."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டி நிக்கும். என் தம்பி துரை எதிர்ல ஒண்ணொண்ணா கழட்டுவான். அந்தக் கிண்ணத்தக் கழட்டினா இன்னா விழும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் முந்திக்கொள்வேன் என்று நினைத்தேனே தவிர, அவன் முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைக்கவில்லை.

"லைன்ல இருந்த வண்டி. மில்லுல இருந்த ஆளு. தோலு துரையோடதுன்னு சொன்னா யாரு நம்புவான்? போன வருசம் மூக்குப்பொடி டப்பியில இத்தினூண்டு பாதரசம் வச்சிருந்தவன, தங்கம் திருடத்தான்னு புடிச்சிக்கினு போனானுங்க, இன்னும் ஜெயில்ல இருந்து வரல. அவன் பொண்டாட்டி பீடி சுத்திக்கினு கீறா." குரல் உடைந்தது. "அவன் என் தம்பி. நீங்க என் புருஷன். நான் யாருக்குன்னு அழுவேன், சொல்லுங்க."

என் விரலில் எண்ணெய் தடவி மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "இத்தப் போட்டுக்கினு போனா கேட்லயே புடிப்பானுங்க" என்றாள். நான் ஷிப்டுக்குப் போனேன்.

புனிதர் செய்த புதுமை

ஞாயிற்றுக்கிழமை காலை நான் திரும்பி வந்தபோது சின்னப்பன் வீட்டில் இல்லை. முதல் பூசைக்குப் போயிருந்தான். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோணியார் அல்லவா? கோளாறையும் கண்டுபிடித்துக் கொடுக்கட்டும் என்று அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருந்தான்.

அவன் அங்கே முழங்காலில் நின்ற நேரத்தில் நான் இங்கே முழங்காலில் நின்று கிண்ணத்தைக் கழற்றினேன். துளியை ஓர் இலையில் வாங்கி, அந்தத் தோலையும் சுருட்டி எடுத்துக்கொண்டு, மண் மேட்டில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்தேன். பெட்டியில் ஆரோக்கியத்தின் பழைய மல்துணி ஒன்றை மடித்து வைத்தேன். தோலை நாய் கொண்டுபோயிருக்கும் என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

துரை குதிரை வண்டியில் வந்து இறங்கினார். லைனே கூடியது. சின்னப்பன் சிலுவை போட்டுக்கொண்டு ஏறி மிதித்தான். ஏற்றம் பாதி. இருமல் இல்லை. முக்கால். உச்சி! உச்சியில் நின்று வண்டியைத் திருப்பிக்கொண்டு, இறங்கி, மறுபடி ஏறினான். பெண்கள் குலவையிட்டார்கள். துரை தொப்பியைக் கழற்றி அசைத்தார்.

"என்ன கோளாறு?" என்று கேட்டார்.

என் வாய்க்குள் பதில் நிறைந்து நின்றது. பாதரசம் என்ற ஒரு சொல். அதைச் சொன்னால் நான் கெட்டிக்காரன், அவன் ஜெயிலுக்கு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, வெளியேதான் விட முடியவில்லை.

"பெல்ட் துரை! பிசின் பத்தல" என்றான் சின்னப்பன், ஒரு கூச்சமும் இல்லாமல்.

பெல்ட்டாம்!

துரை அவன் தோளில் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அருளப்பா, மச்சானிடம் கற்றுக்கொள்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் முகத்தில் எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

நீராவி இன்ஜின் அடுத்த மழைக்கு முன்னால் நின்றது. நான் பட்டறையில் உளி தீட்டினேன். சின்னப்பன் மோட்டார் ஹவுசில் வெள்ளைச் சட்டை போட்டான். வருஷா வருஷம் அந்தோணியார் திருநாளுக்கு ஆடு அடித்து லைனுக்கே சோறு போட்டான். "துரைக்குப் பெல்ட்டுன்னு சொன்னேன். நெசத்துல அது அந்தோணியார் செஞ்ச புதும" என்று ஒவ்வொரு வருஷமும் அதே கதை. மனிதன்மேல் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. ஒரு புனிதர்மேல் பொறாமைப்பட்ட பாவி தங்க வயலில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

பத்தாவது விருந்து

பத்தாவது வருஷமோ என்னவோ, விருந்தில் ஆரோக்கியம் கறிக்குழம்பு வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தாள். சின்னப்பன் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்திருந்தான். "முந்தின நா வரைக்கும் ஏறல. பூசைக்குப் போய்ட்டு வந்தேன் பாரு..."

ஆரோக்கியம் அவன் இலைக்குக் குனிந்தாள். அவன் பேச்சு நின்றது.

அவள் கட்டை விரலில் என் மோதிரம்.

"இன்னாக்கா இது? வெள்ளியா?"

"தங்கம்டா" என்றாள் ஆரோக்கியம். குழம்பை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

நாலு வருஷம் பாதரசம் பிழிந்தவனுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. மோதிரம் போன திசையைப் பார்த்தான். என் வெறும் விரலைப் பார்த்தான். காணாமல் போன தோல் ஞாபகம் வந்திருக்க வேண்டும், தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டான். எச்சில் கையோடு எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தான்.

"நீங்களா மாமா?" கண்ணில் தண்ணீர். "என்னை ஜெயில்ல போட்டுருவானுங்கன்னுதானே இத்தினி வருசம் வாயத் தொறக்கல? வேலையும் போச்சே உங்களுக்கு!"

நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். அவள் வரிசைக் கடைசியில் யாருக்கோ எலும்பு பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதிக் கதையை அவள் சொல்லிவிட்டாள். மீதிப் பாதி என்னுடையது.

"ஆமாண்டா" என்றேன்.

அன்றிலிருந்து விருந்தில் முதல் இலை எனக்கு. பிள்ளைகளை என் காலில் விழச் சொன்னான். எப்படி இவனால் ஒருவனை இப்படி நம்ப முடிகிறது என்று அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. ஆரோக்கியம் சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சின்னப்பன் இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு ஸ்கெலட்டனில் இருக்கிறான். நான் இந்த வாரப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்ததிலிருந்து ஒரு வாரம் விடாமல் வாங்குகிறான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எங்க மாமா எழுதனது" என்று நாலு பேருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறானாம். இந்த வாரமும் வாசிப்பான்.

சின்னப்பா, இதை மட்டும் மனசுக்குள் வாசி. துளி என் கையில் விழுந்தது சனிக்கிழமை பகல். நான் அதைப் புதைத்தது ஞாயிற்றுக்கிழமை காலை. நடுவில் ஒரு ராத்திரி முழுக்க அது உன் வண்டிக்குள்தான் இருந்தது. உள்ளே திரும்பப் போட்டது நான்தான்.